இரண்டு தெரு, எத்தனை அடுப்பு?

"குடும்பம் என்றால் என்ன?" என்று போன மாதம் கணக்கெடுப்புப் பயிற்சிக் கூடத்தில் உங்களைக் கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "ஒன்றாக வசித்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம், மேடம்." எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்கு உங்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு சர்வீஸ் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தவள் நான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எனக்கு விடை தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை, பென்ஷனை யாரும் நிறுத்தப் போவதில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாடு வந்துவிட்டது, நீங்கள் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் சொல்லாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் குழம்பினால் சந்தோஷப்படுவேன்.

தேனி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் வேலூர்ப் பக்கத்துக்காரி. மாற்றலாகி வந்த புதிதில் "வந்தாக, போனாக, சொன்னாக" என்று இந்த ஊர்க்காரர்கள் பேசுவதே எனக்குப் பாதி புரியாது. எங்கள் புள்ளிவிவர ஆபீசின் அதிகாரி நாகர்கோவில் பக்கம். திராட்சை சீசனில் அவர் மேசையில் கறுப்புத் திராட்சைக் கொத்து ஒன்று கிடக்கும். யோசிக்கும்போது ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் போட்டு, கொட்டையைப் பழைய பேப்பரில் துப்புவார். அதிகம் பேச மாட்டார். கொட்டை வேகமாக விழுந்தால் கோபம், மெதுவாக விழுந்தால் சந்தேகம் என்று நாங்களே கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

கம்பம் ரோட்டில் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு வார்டில் தொகுப்பு வீடுகள் கட்ட அனுமதி வந்திருந்தது. நிலம் தயார். யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. எந்தத் தெருவில் வீடுகளைவிடக் குடும்பங்கள் அதிகமோ, அந்தத் தெரு நெருக்கடியான தெரு, அதற்கே முதல் உரிமை என்று விதி எழுதியிருந்தார்கள். கேட்க நியாயமான விதிதான். ஊர் மொத்தத்தையும் வார்டு மொத்தத்தையும் வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. தெருவாரியாக எண்ண வேண்டும். அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது.

எண்ணப் போனவர்கள் பள்ளி ஆசிரியர்கள். பரீட்சை முடிந்த சித்திரை மாதத்தில்தான் அவர்கள் கிடைப்பார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தேன். மேலேயிருந்து வந்த அறிவுரை தெளிவாக இருந்தது. குடும்பம் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். ஆகவே வியாக்கியானம் வேண்டாம், அடுப்பை எண்ணுங்கள். அதை அப்படியே சொன்னேன்.

தாள்கள் வந்து சேர்ந்தன. கூட்டினோம். முந்தைய கணக்கிலிருந்து நாங்கள் போட்டு வைத்திருந்த மதிப்பீட்டோடு வார்டு மொத்தம் கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் தொழிலில் இது மாதிரி வருவது மாமாங்கத்துக்கு ஒரு முறை. ஆபீசில் டீ வாங்கிக் குடித்தோம். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சார், தெருவாரியாப் பாத்தா எதுவோ இடிக்குது" என்றேன்.

அந்த வார்டில் முக்கியமான தெருக்கள் இரண்டு. பெரிய தெரு, தோப்பும் வயலும் வைத்திருக்கிறவர்கள் தெரு. ஒவ்வொரு வீடும் தெருவில் தொடங்கிப் பின்கட்டு வரை நீண்டு கிடக்கும். இன்னொன்று வாய்க்கால் தெரு. விடியுமுன் ஜீப் ஏறி, மலை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் தெரு. ஒற்றை அறை லைன் வீடுகள். எங்கள் தாளின்படி பெரிய தெருவில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குடும்பங்கள், சில குடும்பங்களில் ஆளே ஒருவர்தான். வாய்க்கால் தெருவில் வீட்டுக்கு ஒரே குடும்பம், அதில் ஆட்கள் மட்டும் கல்யாணப் பந்தி மாதிரி. அதாவது விதிப்படி நெருக்கடியில் தவிப்பது பெரிய தெரு. வாய்க்கால் தெருவுக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் தாள்கள் இடம் மாறிவிட்டன என்று நினைத்தேன். இல்லை, கதவு எண் எல்லாம் சரி. பிறகு கூட்டலில் தப்பு என்று நினைத்துத் திரும்பக் கூட்டினேன். அதுவும் சரி. அப்புறம் எனக்கு வழக்கமாக வருகிற சந்தேகம் வந்தது. இரண்டு தெருவிலும் எண்ணப் போன ஜெபமணி டீச்சர் தெருவுக்கே போகாமல் வீட்டில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எழுதிவிட்டாரோ? ஆளைப் பிடிக்கலாமென்றால் அவர் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். கோபம் தலைக்கேற, நானே பஸ் ஏறினேன்.

பெரிய தெருவில் முதலில் போனது கவுன்சிலர் வீட்டுக்கு. அந்த வார்டின் கவுன்சிலர் அந்தத் தெருக்காரர்தான். தாளில் அவர் வீட்டில் இரண்டு குடும்பம் என்று இருந்தது. ஒன்றில் அவரும் மனைவியும், மகன், மருமகளும். இன்னொன்றில் அவருடைய அம்மா வீரம்மாள் மட்டும்.

"உங்க அம்மா தனியா சமைக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். டீச்சரு வந்து பாத்துட்டுத்தான் எழுதுனாக."

"அந்த அடுப்பைப் பாக்கலாமா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பின்கட்டுக்குப் போனோம். அங்கே சாணி மெழுகின தரை இருந்தது, அடுப்பு இல்லை. ஒரு மூலையில் புது மண்பானை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அடுத்த வீட்டில் பார்த்தேன். அங்கேயும் இரண்டாவது அடுப்பு இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. தாளில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் எங்கே போயின? தெருவில் பாதிக் குடும்பங்கள் சட்டி பானையோடு மாயமாகிவிட்டன என்று ஆபீசில் போய்ச் சொன்னால் பைத்தியம் என்று என்னை மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. திரும்பவும் கவுன்சிலர் வீட்டு வாசலுக்கு வந்து, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் வீரம்மாள் தோப்பிலிருந்து வந்தார். எழுபது வயது இருக்கும், நடை மட்டும் நாற்பது வயசு நடை. நான் வந்த காரணத்தை மகன் சொன்னதும் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, நான் என்ன அத்துக்கிட்டா போயிட்டேன்? தனிக் குடும்பம்னு எழுதிக் குடுத்திருக்கியேடா!"

"நான் எங்கத்தா எழுதுனேன்? டீச்சரு அடுப்பை எண்ணுனாக."

"அது வெரத அடுப்புடா, கூறுகெட்டவனே." என் பக்கம் திரும்பினார். "நீங்க எந்த ஊரு தாயி?"

சொன்னேன்.

"அதான் தெரியல. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில சாமி சாட்டி விரதம் ஆரம்பிச்சிட்டா, தீச்சட்டி எடுக்குற ஆளு வீட்டுச் சட்டியில சாப்பிட மாட்டோம். புதுப் பானை வாங்கி, தனி அடுப்பு கூட்டி, நாமளே பொங்கித் திங்கணும். திருவிழா முடிஞ்சா அடுப்பைக் கலைச்சிருவோம். இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒரு ஆளாச்சும் சட்டி எடுக்கும். நீங்க அப்பப் பாத்து எண்ணிப்புட்டீக."

எண்ணிப்புட்டோம்தான். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை, இன்னொரு தெருவின் நினைப்புத்தான் வந்தது. பெரிய தெருவில் அம்மன் புண்ணியத்தில் குடும்பங்கள் கூடிவிட்டன, சரி. வாய்க்கால் தெருவில் ஏன் குறைந்தன? குறைந்ததும் கூடியதும் சேர்ந்து வார்டு மொத்தம் எப்படி அச்சாகப் பொருந்தியது? எதுவும் விளங்கவில்லை.

மறுநாள் பத்து மணி வாக்கில் வாய்க்கால் தெருவுக்குப் போனேன், தெருவே வெறிச்சென்று இருந்தது. எல்லோரும் மலையில். ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய குண்டானில் சோறு வெந்துகொண்டிருந்தது. அகப்பையோடு எட்டிப் பார்த்தவர் பேச்சியம்மாள். ஐம்பது வயது, முட்டிவலி வந்ததால் தோட்ட வேலைக்குப் போவதை நிறுத்தியவர்.

"வாங்க தாயி. கணக்கு எடுக்கத்தான வந்தீக? போன மாசம் ஒரு டீச்சரு வந்துட்டுப் போனாகளே."

"சரிபாக்க வந்திருக்கேன்மா. இந்த வீட்டுல எத்தனை குடும்பம்?"

"நாங்க ஒண்ணாத்தான் இருக்கோம்" என்றார். அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் குரலில் ஒரு பெருமை இருந்தது. "ஒரே அடுப்புதான். அண்ணன் தம்பி அடுப்பைப் பிரிச்சுக்கிட்டாகன்னு ஊரு பேசுற மாதிரி என் புள்ளைக வச்சுக்கல. நான் ஒருத்தி இங்கன ஆக்கிப் போட்டாத்தான அத்தன பேரும் கோழி கூப்பிட ஜீப்பு ஏற முடியும்? ஆளாளுக்கு அடுப்பு மூட்டிக்கிட்டு நின்னா ஜீப்புக்காரன் நிப்பானா?"

யார் யார் என்று கேட்டேன். மூத்த மகன், அவன் மனைவி, பிள்ளைகள். மகள், மருமகன். கல்யாணமான சின்ன மகன். எல்லோருக்கும் ஒரே அறை, அதை ஒட்டி ஒரு தாழ்வாரம்.

"சின்னவர் சம்சாரம்?"

பேச்சியம்மாள் அகப்பையைக் கீழே வைத்தார். "அவ பண்ணைப்புரத்துல, அவ ஆத்தா வீட்டுல இருக்கா."

"சண்டையா?"

"அய்யோ, தங்கமான புள்ள. சண்டை போடத் தெரியாது. ஆனா அவ எங்கன படுப்பா, சொல்லுங்க? உள்ள மூத்தவன், அவன் பொண்டாட்டி, புள்ளைக. தாழ்வாரத்துல மகளும் மருமகனும், நடுவுல சேலையக் கட்டி விட்டிருக்கோம். புதுசாக் கட்டிட்டு வந்தவ எங்கூட ஒரே பாயில படுத்தா. சின்னவன் வெளியில, ஜீப்புல படுப்பான். கொஞ்ச நாள் பாத்தா. பெறகு எங்கிட்ட மெதுவா வந்து, 'அத்தை, கதவு உள்ள எடமா ஒண்ணு பாருங்க, மறுநாளே வந்துர்றேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா. தப்புச் சொல்ல முடியுமா? நானும் பொம்பளைதான."

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் காலனி வீடு வருதுங்குறாகளே, எங்களுக்கு வந்துரும்ல தாயி? வந்துச்சுன்னா அந்தப் புள்ள வந்துரும். சின்னவன் வேற மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டே திரியிறான். இன்னும் எத்தனை நாளு அவ பொறுப்பா? அவ ஆத்தா அப்பன் சும்மா இருப்பாகளா?"

என் கையிலிருந்த தாளில் அந்த வீட்டுக்கு நேராக ஒரு வீடு, ஒரு குடும்பம் என்று இருந்தது. அதன்படி இந்த அம்மாள் வரிசையில் கடைசி. அடுப்பைப் பிரிக்காமல் கட்டிக் காத்த பாவத்துக்கு இந்தத் தண்டனையா? பேச்சியம்மாள் கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் ஜெபமணி டீச்சர் ஊரிலிருந்து திரும்பினார். பிடித்துக்கொண்டேன். "டீச்சர், அது விரத அடுப்புன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க இந்த ஊர்தானே?"

"தெரியாம என்ன மேடம்? நாங்க கிறிஸ்தவங்கதான், ஆனா அந்தத் திருவிழாவுக்கு ராட்டினம் ஏறாம நான் ஒரு வருசமும் இருந்ததில்ல. பயிற்சியில நீங்கதான சொன்னீக? வியாக்கியானம் வேணாம், அடுப்பை எண்ணுங்கன்னு. எண்ணுனேன். இப்ப எனக்கு என்ன வசவு?"

சுருக்கென்றது. இதற்கு நான் என்ன பதில் சொல்வது? உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல விட்டால் ஆளுக்கொரு மாதிரி எண்ணுவார்கள். விளக்கமே வேண்டாம் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி தப்பாக எண்ணுவார்கள். இந்த இரண்டில் எது தேவலை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டைகள் ரொம்ப மெதுவாக விழுந்தன.

"அப்போ வார்டு மொத்தம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"ஒரு தெருவுல கூட எண்ணினதும் இன்னொரு தெருவுல குறைச்சு எண்ணினதும் சரிக்குச் சரியாப் போயிருக்கு சார். அவ்வளவுதான்."

"ஏம்மா, அது சரியான மொத்தம்தானா?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல." ஒரு திராட்சையை உருட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் கூட்டம். கவுன்சிலரு நேத்தே போன் போட்டாரு. பழைய கணக்கு நல்லா இருக்கே, எதுக்கு நோண்டுறீங்கன்னு கேக்காரு. மொத்தம் பொருந்துற கணக்கை நாமளே கலைச்சா மேலேயிருந்தும் கேப்பாங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா புரியாத ஒண்ணுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ போயி புரிஞ்சிட்டு வா."

"புரியலேன்னா?"

"புரியலேன்னு எழுதிட்டு வா. அதுல கையெழுத்துப் போடுதேன்."

அந்த மனிதரிடம் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான், ஆனால் அது போதும் என்று நினைக்கிறேன். பயமில்லாதவர் மாதிரி அவர் ஒரு நாளும் நடித்ததில்லை.

இருந்தது ஒரு வாரம். விரத அடுப்பைக் கழித்துவிட்டால் பெரிய தெரு சரியாகிவிடும். வாய்க்கால் தெரு ஆகாது, அங்கே எந்த மாதம் போனாலும் ஒரே அடுப்புதான். தனி வீடு கொடுத்தால் தனியாகப் போவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். அப்படிக் கேட்டதுதான் தாமதம், பெரிய தெருவில் திடீரென்று மகனுக்கும் அப்பனுக்கும் ஆகாமல் போய்விட்டது, மாமியாரும் மருமகளும் முகம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்கள். வீடு தருவதாக வாயைத் திறந்துவிட்டு உண்மையைக் கேட்க முடியாது. அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது பண்ணைப்புரத்துக்குப் போய்விட்ட அந்தப் பெண் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு உள்ள இடமாக ஒன்று. அவள் கேட்டது அடுப்பு இல்லை. நாங்கள்தான் எல்லோருமாகச் சேர்ந்து சமையலறையில் போய் நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் ஜெபமணி டீச்சரைச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு, ஜீப்புகள் மலையிலிருந்து திரும்புகிற சாயங்காலமாகப் பார்த்து இரண்டு தெருவிலும் வீடுவீடாக ஏறினேன். இரண்டே கேள்வி. இந்த வீட்டில் கல்யாணமான சோடி எத்தனை? உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு உள்ள அறை எத்தனை?

டீச்சருக்கு வெட்கம். முதல் வீட்டில் பாதிக் கேள்வியிலேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "மேடம், இதைப் போயி எப்பிடிக் கேக்குறது?" ஆம்பளைகள் செருமிக்கொண்டு வெளியே போனார்கள். பொம்பளைகள் முதலில் சிரித்தார்கள். வாய்க்கால் தெருவில் மட்டும் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. அன்றைக்கு மலைக்குப் போகாமல் காய்ச்சலில் கிடந்த ஒரு பெண், "இத்தனை வருசத்துல இதை யாரும் எங்கிட்ட கேட்டதில்லக்கா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கூட்ட நாள் வந்தது. நகராட்சி ஹாலில் பெரிய அதிகாரிகள், கவுன்சிலர்கள். அடுப்புக் கணக்கோடு சோடிக் கணக்கையும் பக்கத்தில் சேர்த்து, இரண்டும் ஏன் முரண்படுகின்றன என்று எங்களுக்குப் புரிந்த மட்டும் எழுதி, புரியாததைப் புரியவில்லை என்றும் எழுதி எங்கள் அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

கவுன்சிலர் எழுந்தார். "கவர்மெண்டு விதி என்ன சொல்லுது? அடுப்புக்கு ஒரு குடும்பம். எங்க தெருவுல எண்ணுனது யாரு? இவுகதான். இப்ப வந்து சோடி, கதவுங்குறாக. கவர்மெண்டுக்குச் சோடிக் கணக்கு எதுக்குய்யா? நாளைக்கு இன்னும் என்னென்ன கேப்பாக?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. எங்கள் அதிகாரிக்கு நெற்றி வேர்த்துவிட்டது. அந்த ஆள் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் சங்கடம். அன்று காலைவரை எங்கள் விதி அவர் பக்கம்தான். பெரிய அதிகாரிகள் முகத்தைப் பார்த்தேன், பழைய கணக்குக்கே போய்விடலாம் என்ற யோசனை அங்கே தெரிந்தது. பேச்சியம்மாளின் குண்டானும் அகப்பையும் கண் முன்னால் வந்து நின்றன. எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. பேச எனக்கு அனுமதி கிடையாது, கவுன்சிலரைப் பார்த்துப் பேசிவிட்டேன்.

"சார், உங்க வீடு ரொம்பப் பழைய வீடுன்னு நினைக்கிறேன். நல்ல வீடு."

"ஆமா, எங்க தாத்தா கட்டுனது" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"கதவு, நிலை எல்லாம் தேக்குதானே?"

"அசல் தேக்கு. அந்தக் காலத்துலயே மலையில இருந்து எறக்குனது. இன்னைக்கு அந்த மாதிரி கெடைக்காது மேடம்."

"எத்தனை ரூம்?"

"முன்கட்டு பின்கட்டு சேத்து எட்டு."

"எல்லாத்துக்கும் கதவு உண்டா?"

"கதவு இல்லாம? ஒவ்வொண்ணும் ரெட்டைக் கதவு!"

"உங்க வீட்டுல சோடி எத்தனை சார்?"

அவர் விரலை மடக்கத் தொடங்கினார். பின்வரிசையில் யாரோ, "நீங்க ஒண்ணு, ஒங்க மகன் ஒண்ணு. பாக்கி ஆறு ரூமுக்கும் ஆளு தேடணும்யா" என்றார். அப்புறம் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கவுன்சிலரும் கடைசியில் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வெளியே வரும்போது, "எங்க ஆத்தாவும் வீட்டுல ஒரு வாரமா ஏசுது மேடம். அத்துவிட்ட கெழவின்னு எழுதிட்டியேன்னு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீடுகள் வாய்க்கால் தெருவுக்குப் போயின. கட்டி முடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தைச் சொன்னால் உங்களுக்கு இந்த வேலையே வெறுத்துவிடும், விடுங்கள். பேச்சியம்மாள் குடும்பத்துக்கு அடுத்தடுத்து மூன்று வீடு கிடைத்தது என்று டீச்சர் பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சொன்னார். ஒரு கணக்காவது ஒருவருக்கு உருப்படியாக ஆயிற்று என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே முடித்தால் கதை நன்றாக இருக்கும். நான் புத்திசாலி மாதிரியும் தெரிவேன். ஆனால் முடியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஊரெல்லாம் மறுபடியும் வீட்டுக் கணக்கெடுப்பு. எண்ணுகிற விதி அதே பழைய விதி, அடுப்புதான். சரிபார்க்க வேண்டிய இடங்களில் அந்தப் புதுக் காலனியும் இருந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்று வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்டிருந்தது. பேச்சியம்மாளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எங்க கதவு ஆபீசரம்மா வந்துட்டாக!" என்று கூவினார். அந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயராம். சின்ன மருமகள் வெளியே வந்தாள். பண்ணைப்புரத்துப் பெண். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. அந்த மருமகள் வீட்டுக் கதவை ஒரு கையால் தடவிக்கொண்டு சிரித்தாள்.

முதல் வீட்டுக்குள் போனேன். கேஸ் அடுப்பில் அதே பெரிய குண்டான், சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வீட்டில் அடுப்பு எரிந்தது, அதன்மேல் ஒரு சட்டி. மூன்றாவது வீட்டிலும் எரிந்தது. மூன்று வீடு, மூன்று அடுப்பு, மூன்று குடும்பம். ஒருவழியாக என் வாழ்நாளில் விதியும் வீடும் ஒன்றாகப் பொருந்திவிட்டன என்று எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது வீட்டுச் சட்டியின் மூடியைச் சும்மா தூக்கிப் பார்த்தேன்.

வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டிலும் தண்ணீர்தான். அந்த வீட்டுச் சமையல் மேடையில் சிறுமியின் பள்ளிக்கூடப் பை இருந்தது, பக்கத்தில் மடித்து வைத்த துணிகள்.

"என்னம்மா இது?"

பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அடுப்பு எரியாத வீட்டை ஆளில்லாத வீடுன்னு எழுதிருவாகளாம்ல? பெறகு வேற ஆளுக்குக் குடுத்துருவாகளாம். தெருவுல பேசிக்கிட்டாக. அதான் கணக்கு எடுக்க வாராகன்னு தெரிஞ்சதும் மூணுலயும் பத்த வச்சுட்டேன். சோறு எப்பவும் போல என் வீட்டுலதான் ஆக்குறோம். அவுக அவுக வந்து தின்னுட்டு, அவுக அவுக வீட்டுல படுத்துக்கிருவாக. அதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன்.

சிரிப்பு வந்தது. விதிப்படி ஒன்று என்று எழுதினால் பாக்கி இரண்டு வீடும் சமையலில்லாத வீடு. யார் எந்த மேசையில் உட்கார்ந்து அதை என்னவாகப் படிப்பார்களோ, இவ்வளவு காலம் கழித்து அந்தப் பெண் மறுபடி பாயைச் சுருட்ட வேண்டியிருக்குமோ. மூன்று என்று எழுதினால் வெந்நீருக்கு ஒரு குடும்பம் என்று எழுதியவளாவேன். வாசலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். எங்கள் பழைய அதிகாரி இருந்திருந்தால் புரியவில்லை என்று எழுதச் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் படிவத்தில் அதற்கு இடம் விடவில்லை. மூன்று அடுப்பும் என் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தன. மூன்று என்று எழுதினேன். நான் செய்தது சரியா தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பேச்சியம்மாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"எழுதியாச்சா தாயி? அப்ப அந்த ரெண்டையும் அணைச்சிறலாம்ல? கேஸு வீணாப் போகுது."